யாருடைய செல் என்று கேளுங்கள்

மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த சாறு சேர்ந்த ஜெல் நம் ஊர் மருந்துக் கடைகளில் பல காலமாகக் கிடைக்கிறது. பிளாசென்ட்ரெக்ஸ் என்று பெயர் சொன்னாலே கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அது புண் ஆற்றும் மருந்து. ஆனால் புதுச்சேரியில், கருவடிக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் அதைப் பற்றி என்னிடம் கேட்கிற பெண்களில் புண்ணுக்காகக் கேட்பவர் அபூர்வம். பருத் தழும்பு போகுமா, கன்னத்து மங்கு கலையுமா, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் மறையுமா என்றுதான் கேட்கிறார்கள். எதிலிருந்து எடுத்தது தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டால், பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

எனக்குத் தெரியும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் கழிந்தது. குழந்தை வந்து அழுத பிறகு, அந்த மகிழ்ச்சிக்கு நடுவில் நர்ஸுக்கு ஒரு வேலை இருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதைத் தட்டில் வாங்கி, குழாய்த் தண்ணீரில் இரத்தக் கட்டிகளைக் கழுவி, உள்ளங்கையில் விரித்துப் பார்க்க வேண்டும். அரைக் கிலோ எடை இருக்கும். தாயின் கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கம் பதினைந்து இருபது மடல்களாகப் பிரிந்திருக்கும். ஒரு மடல் குறைந்தாலும் அது உள்ளே தங்கிவிட்டது என்று பொருள்; அந்தத் தாய் இரத்தம் கொட்டிச் சாகலாம். தொப்புள்கொடியின் வெட்டு வாயில் இரண்டு தமனி, ஒரு சிரை தெரிகிறதா என்றும் பார்ப்போம். எல்லாம் சரியென்று கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகுதான் அது மஞ்சள் பைக்குள் போகும். மருத்துவக் கழிவு விதிகளின்படி எரித்துவிட வேண்டிய மனித உறுப்பு அது.

இப்படிக் கையில் ஏந்திப் பார்த்தவளுக்கு, அதிலிருந்து மருந்து எடுக்கலாம் என்பதில் அருவருப்பு இல்லை. ஒரு குழந்தையை ஒன்பது மாதம் வளர்த்த உறுப்பில் திசுவைச் செழிக்க வைக்கும் பொருட்கள் இருப்பது இயல்புதானே. ஒடெசா நகரின் கண் மருத்துவர் ஃபிலடோவ் 1930-களில் திசு சிகிச்சை என்று இதைத் தொடங்கி வைத்தார். நம் நாட்டில் கொல்கத்தா நிறுவனம் ஒன்று அதை மருந்தாக்கியது. தையல் பிரிந்து ஆறாமல் கிடந்த சிசேரியன் புண்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து, அந்த ஜெல்லை என் கையாலேயே வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆறியிருக்கிறது. ஜெல் ஆற்றியதா, தினமும் சலைனில் சுத்தம் செய்து கட்டியது ஆற்றியதா என்று ஒரு வார்டுக்குள் நின்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஒழுங்கான ஆய்வுகள் வேண்டும் என்கிறோம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2011-ல் இந்தச் சாற்றுக்கு ஒரு வேலி போட்டது. மேற்பூச்சாகப் புண் ஆற்றுவதற்கும், ஊசியாகப் பெண்களின் இடுப்பறை அழற்சிக்கும் மட்டும் விட்டுவைத்து, மனித நஞ்சுக்கொடிச் சாறு சேர்ந்த மற்ற மருந்துகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. சிவப்பழகு அந்தப் பட்டியலில் இல்லை. மங்கும் கருவளையமும் இல்லை. இருந்தும் அந்த டியூப் புண்ணே இல்லாத முகங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று புதிதாக வந்திருக்கும் ஸ்டெம்செல் சீரத்தையும் எக்ஸோசோம் ஃபேஷியலையும் பற்றிப் பேசும்போது, இந்தப் பழைய டியூபை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கு மருந்தாக இருந்த இடம் ஒன்று. நாம் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் வேறொன்று.

புதியவற்றுக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஆவணி முகூர்த்தத்துக்குப் பெண்ணைத் தயார் செய்துகொண்டிருக்கும் ஒரு தாய், சித்தானந்தர் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் என்னை நிறுத்தி, கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். "சிஸ்டர், பார்லர்ல இதைப் போட்டா பொண்ணு முகம் பளிச்சுன்னு ஆயிடும்ங்கறாங்க. ஸ்டெம்செல்லாம். போடலாமா?" சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி. அடியில் உறைய வைத்து உலர்த்திய வெள்ளைப் பொடி. பக்கத்தில் கரைப்பதற்கான திரவம். கொரிய எழுத்துகளுக்குக் கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து: மனிதக் கொழுப்புத் திசுச் செல்களிலிருந்து பெற்ற எக்ஸோசோம். படத்தைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் விற்கும் வெளிநாட்டு அழகுசாதனப் பொருளின் மேல் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், அதைப் பெற்றவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதி. அந்தப் பெட்டியில் மூன்றும் இல்லை. "இதை எப்படிப் போடுவாங்களாம்?" என்றேன். "சின்னச் சின்ன ஊசி உருளையை முகத்துல ஓட்டிட்டு மேல தடவுவாங்களாம்." வேண்டாம் என்று சொன்னேன். காரணம் எல்லாவற்றையும் நடுரோட்டில் நின்று சொல்ல முடியவில்லை.

முதலில் இவை எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1990-களில் அமெரிக்காவில், ஆறாத புண்களுக்காக ஆய்வகத்தில் தோல் வளர்க்கும் முயற்சி நடந்தது. முன்தோல் நீக்கிய பச்சிளங் குழந்தைகளின் அந்தச் சிறு துண்டுத் தோலிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்களைப் பிரித்து, ஊட்ட நீரில் பெருக்கினார்கள். ஒரு துண்டிலிருந்து எண்ணற்ற செல்கள் வளர்ந்தன. வளரும்போது அந்தச் செல்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை நீரில் கசியவிடும். சோறு வடித்த பிறகு கஞ்சியில் சத்து இருப்பதுபோல, செல்லை எடுத்த பிறகும் அந்த நீரில் சரக்கு இருந்தது. அதை வடிகட்டி முகப்பூச்சாக்கி 2000-க்குப் பிறகு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கொழுப்பு உறிஞ்சும் அறுவையில் கிடைக்கும் திசு, தொப்புள்கொடி, எலும்பு மஜ்ஜை என்று மூலம் பின்னர் விரிந்தது. செல்கள் வெளியேற்றும் நுண்ணிய பைகளைத்தான் எக்ஸோசோம் என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுதான் இருக்கும். ஆகவே குப்பிக்குள் உயிருள்ள ஸ்டெம்செல் எதுவும் இல்லை. பார்லர்காரர் ஸ்டெம்செல் என்று சொல்வது விளம்பரப் பேச்சு. ஆப்பிள் ஸ்டெம்செல் என்று வருகிற கிரீம்களில் இருப்பதோ செடிச் செல்லின் சாறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பலன் உண்டா? இந்தப் பூச்சுகளை வைத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மெல்லிய சுருக்கங்கள் ஓரளவு குறைந்தன, தோலின் சொரசொரப்பு குறைந்தது என்று அவற்றில் பல சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சில பத்துப் பேரை வைத்துச் சில மாதங்கள் நடந்தவை. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர் தயாரிப்பாளரே. கிரீமில் இருக்கும் ஈரப்பதமூட்டியே சுருக்கத்தைக் கொஞ்சம் நிரவிக் காட்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு தடை நம் தோலிலேயே இருக்கிறது. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் காயமில்லாத தோலின் மேலடுக்கைத் தாண்டி எளிதில் உள்ளே போவதில்லை என்று நெதர்லாந்துத் தோல் மருத்துவர்கள் போஸ், மெய்னார்டி இருவரும் 2000-ல் எழுதினார்கள். வளர்ச்சிக் காரணிகளில் சிறியதான ஈ.ஜி.எஃப். புரதமே சுமார் 6,000 டால்டன். அப்படியானால் காயமில்லாத முகத்தில் தடவினால் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும். அது உள்ளே போகட்டும் என்றுதான் ஊசி உருளை வருகிறது. பலனைக் கூட்டுவதாகச் சொல்லி ஆபத்தைக் கூட்டும் இடமும் அதுதான்.

அதே ஈ.ஜி.எஃப். சரியான இடத்தில் என்ன செய்கிறது என்று சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவளாவேன். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தறிந்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனித ஈ.ஜி.எஃப்-ஐ நுண்ணுயிரிக்குள் மரபணுவைப் புகுத்தித் தயாரித்து, சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாத புண்ணுக்கு ஜெல்லாகக் கொடுக்கிறது ஹைதராபாத்தின் பாரத் பயோடெக். மனிதரின் வடிவம், ஆனால் எந்த மனிதரின் உடலிலிருந்தும் எடுக்காதது. அதனால் கொடையாளியின் நோய் ஒட்டிக்கொண்டு வரும் கவலை இல்லை. கால் விரலை எடுத்துவிட வேண்டுமோ என்று பயந்து வரும் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு மருந்தின் அருமை தெரியும். 1983-ல் அமெரிக்காவில் உடல் முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்களை, அவர்களுடைய தோல் செல்களையே ஆய்வகத்தில் பரப்பாக வளர்த்து ஒட்டி ஹோவர்ட் கிரீனின் குழு காப்பாற்றியது. மனிதச் செல்லின் மேல் எனக்குள்ள மதிப்பு இப்படிப்பட்ட வேலைகளால் வந்தது. அந்த மதிப்பு இருப்பதால்தான் அதைப் பார்லர் மேசையில் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பதற்றத்துக்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. என் கணவர் வீட்டார் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த சொல்தா குடும்பம். ஓர்ப்படி பாரிஸ் பக்கம் இருக்கிறார். வரும்போதெல்லாம் பெட்டி நிறையக் கிரீம்கள் கொண்டுவருவார். இந்த ஊரில் அப்படி வந்த டப்பா இல்லாத தெரு குறைவு. பிரான்ஸில் விற்கிற எந்த அழகுசாதனப் பொருளிலும் மனிதச் செல்லோ, திசுவோ, மனிதரிடமிருந்து எடுத்த பொருளோ சேர்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு அழகுசாதனச் சட்டம் அதைத் தடைப் பட்டியலில் 416-ஆவது பொருளாக வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அறிவியலுக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை. அவர்கள் பட்ட அடி அப்படி. 1980-களில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை அங்கே ஊசியாகப் போட்டார்கள். அதன் வழியே கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்ற மூளை நோய் பரவியது. பல ஆண்டுகள் உள்ளே பதுங்கியிருந்து, பிறகு வெளிப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிட்யூட்டரி மூளையோடு ஒட்டியது, தோல் செல் அப்படியில்லை, ஆபத்தின் அளவும் ஒன்றில்லை. ஆனாலும் மனிதரிடமிருந்து எடுத்த பொருளில் இன்று சோதனைக்குச் சிக்காத ஒன்று நாளை தெரியவரலாம் என்ற பாடத்தை அந்தக் குழந்தைகள் உயிரைக் கொடுத்துக் கற்பித்தார்கள்.

ஜப்பானில் நஞ்சுக்கொடி ஊசி மருத்துவத்தில் அனுமதி பெற்றது. கல்லீரல் நோய்க்கும் மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லைகளுக்கும் போடுகிறார்கள். அழகுக்காகவும் ஏராளமானோர் போட்டுக்கொள்கிறார்கள். அங்கேயே 2006 முதல், மனித நஞ்சுக்கொடி ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் இரத்த தானம் வாங்குவதில்லை. நோய் பரவியதாக நிரூபணம் கிடைத்ததால் அல்ல. பரவாது என்று உறுதி சொல்ல முடியாததால். இரத்த வங்கிப் பக்கம் நின்று பழகியவர்களுக்கு இந்த எச்சரிக்கை புரியும். ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி என்று எல்லாச் சோதனையும் செய்தாலும், அண்மையில் தொற்றியவரின் இரத்தம் சில நாட்கள் சுத்தமானதாகவே காட்டும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லி விற்ற, அனுமதி பெறாத பொருட்களைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதாகப் புகார்கள் வர, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது. அனுமதி பெற்ற எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை என்று அதிலேயே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து தயாரித்த ஊசியால் 12 பேர் பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் மைக்ரோநீட்லிங் என்று நுண்ணூசிகளால் முகத்தைக் குத்தி, தங்கள் இரத்தம் என்று நம்பியதையே முகத்தில் பூசிக்கொண்ட பெண்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதை 2024-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. பொருளின் மேல் எந்தக் குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோலைக் குத்தித் திறந்துவிட்டால் சுத்தம் என்பது உயிர்ப் பிரச்சினை. ஒரு குப்பியை மூன்று பேருக்குப் பகிர்ந்து, கை கழுவாமல், உருளையைத் துடைத்துத் திரும்ப ஓட்டுகிற இடத்தில் மருந்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

தென் கொரியா வேறு வழியில் போயிருக்கிறது. மனிதச் செல் வளர்ப்பு நீரை அழகுசாதனத்தில் அனுமதித்து, கொடையாளியைத் தேர்ந்தெடுப்பது, நோய்ச் சோதனை, பதிவேடு என்று அதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. நல்ல ஆய்வகத்தில், முறையாகச் சோதித்து, வடிகட்டி, காயமில்லாத தோலில் தடவும் பொருளாக வந்தால் ஆபத்து குறைவுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் பதிவேடு நம் லாஸ்பேட்டை பார்லர் வரைக்கும் கூட வருவதில்லை. யாரோ பயணப் பெட்டியில் கொண்டுவந்த குப்பி அசலா போலியா, விமான நிலையத்திலிருந்து இங்கு வரும்வரை எத்தனை வெயிலில் கிடந்தது, ஏதாவது ஆனால் எந்தத் தொகுப்பு எண் என்று தேட வழி உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

மருந்து என்று பெயர் வாங்கினால் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சர்க்கரை நோய்ப் புண்ணுக்கான பெகாப்ளெர்மின் என்ற வளர்ச்சிக் காரணி ஜெல்லை அதிகமான டியூப்கள் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுதலாகத் தெரிகிறது என்று 2008-ல் எஃப்.டி.ஏ. அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. தொடர்ந்து கணக்கெடுத்து, அந்தச் சந்தேகம் உறுதிப்படாததால் 2018-ல் அதை நீக்கியது. பத்து ஆண்டுகள் யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். நம் பெண்களின் முகத்தில் பூசும் குப்பிக்கு யார் எண்ணுகிறார்கள்? செல்களைப் பெருகச் செய்யும் பொருளை, வளர்ந்துகொண்டே போகும் மச்சம் உள்ளவரும் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவரும் கர்ப்பிணியும் பூசிக்கொள்ளும்போது, முன்கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள அங்கே ஒரு நோட்டுகூட இல்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலும் இல்லை. ஸ்டெம்செல்லிலிருந்து பெற்ற பொருளை மருந்தாகப் பயன்படுத்தினால் அது புதிய மருந்தாகக் கருதப்படும், அனுமதி வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு புதிய மருந்து விதிகள் சொல்கின்றன. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம்செல் சிகிச்சை கொடுப்பது அறமற்றது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகுசாதனம் என்ற சின்னக் கதவு வழியாகத்தான் அதே பொருள் உள்ளே நுழைகிறது.

சம்மதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டன் மருத்துவமனைகளில் சேகரித்த நஞ்சுக்கொடிகள் பல ஆண்டுகள் பிரான்ஸில் மருந்து தயாரிக்கப் போய்க்கொண்டிருந்தன. தாய்மாருக்கு அது தெரியுமா என்ற கேள்வி எழ, 1994-ல் நின்றது. எங்கள் வார்டில் சேகரிப்பு இருந்ததில்லை. ஆனால் வலி முடிந்து கண் சொருகிக் கிடக்கும் ஒரு பெண்ணிடம் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவாள் என்பதை நான் அறிவேன். எங்கேயாவது சேகரிக்கிறார்கள் என்றால், அவள் வலியெடுத்து வருவதற்கு முன்பே, கர்ப்பகாலச் சோதனைக்கு வரும் நாளிலேயே, அவள் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். யாருடைய உடலிலிருந்து வந்ததோ அவருக்குத் தெரியாமல் எடுத்ததை முகத்தில் பூசிக்கொள்ள என் மனம் ஒப்பாது. உங்களுக்கும் ஒப்பாது என்றே நம்புகிறேன்.

மங்குக்கும் தழும்புக்கும் வழியே இல்லையா என்று கேட்பீர்கள். கோரிமேட்டில் ஜிப்மர் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீட்டு எடுத்தால் பார்த்துவிடலாம். மங்கு வெயிலால் கூடுவது. கடற்கரை ஊரில் வண்டி ஓட்டும் பெண்களுக்கு சன்ஸ்கிரீனும் முகத்தை மூடும் துப்பட்டாவும் செய்வதை எந்த எக்ஸோசோமும் செய்து நான் பார்த்ததில்லை. பருத் தழும்புக்கும் சுருக்கத்துக்கும் ரெட்டினாய்டு களிம்புகள் பல ஆண்டு ஆய்வில் தேறியவை; டாக்டர் சொல்லி, கர்ப்பமில்லாத காலத்தில் போட வேண்டியவை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எந்தப் புதுப் பொருளையும் முகத்தில் சோதிக்காதீர்கள். சிவந்து தடித்த முகத்தோடு நலங்குக்கு உட்கார்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு என் கோரிக்கை இது: அழகு நிலையங்களில் இருக்கும் குப்பிகளை எடுத்துப் பாருங்கள். பதிவு எண் இல்லாதவற்றைப் பறிமுதல் செய்யுங்கள். தோலைக் குத்துகிற எந்த வேலையையும் மருத்துவர் இல்லாத இடத்தில் அனுமதிக்காதீர்கள். புகார் சொல்ல வரும் பெண்ணை, அழகுக்கு ஆசைப்பட்டாய் அல்லவா என்று கேட்டுக் கூசச் செய்யாமல், ஒரு நோயாளியாக நடத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பூசும் முன் குப்பியைக் கையில் வாங்கிப் படியுங்கள். எந்த உயிரின் செல், யார் இறக்குமதி செய்தார், பதிவு எண் எங்கே, ஊசி உருளை புதிதா என்று கேளுங்கள். குப்பியைக் காட்ட மறுத்தால், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.